படம் வெளியாகும் முன்பே பாதி ஓடிவிட்டது

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

"2015இல் வந்த 'ஸ்ட்ரெய்ட் அவுட்டா காம்ப்டன்' ஜெயித்தது ரசிகர்களின் எதிர்பார்ப்பாலா, படத்தின் தரத்தாலா?" என்பது இன்றைய தலைப்பு. எதிர்பார்ப்பால்தான் என்று பேச வந்திருக்கிறேன்.

படம் பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லாஸ் ஏஞ்சலஸுக்குத் தெற்கே காம்ப்டன் என்றொரு சின்ன நகரம். அங்கிருந்து கிளம்பிய ராப் குழு என்.டபிள்யூ.ஏ. ஈஸி-ஈ பணம் போட்டு ரெக்கார்டு கம்பெனி தொடங்கினார். டாக்டர் டிரேயும் டிஜே யெல்லாவும் இசையைக் கவனித்தார்கள். ஐஸ் க்யூபும் எம்.சி. ரெனும் வரிகளை எழுதினார்கள். 1988இல் அவர்கள் போட்ட ஆல்பத்தின் பெயர்தான் படத்துக்கும். போலீஸைத் திட்டி அதில் ஒரு பாட்டு இருந்ததால், 1989 ஆகஸ்டில் எஃப்.பி.ஐ. உயரதிகாரி ஒருவர் ஆல்பத்தை வெளியிட்ட கம்பெனிக்குக் கண்டனக் கடிதமே அனுப்பினார். அந்த ஆண்டு முடிவதற்குள் பணத் தகராறில் க்யூப் வெளியேறினார், பிறகு டிரேயும் போனார். 1995 மார்ச்சில் ஈஸி-ஈ எய்ட்ஸால் இறந்தார். இத்தனையையும் இயக்குநர் எஃப். கேரி கிரே 147 நிமிடத்தில் அடக்கினார்.

எதிரணித் தலைவர் வசூல் கணக்கோடு வந்தார். சுமார் 28 மில்லியன் டாலரில் எடுத்த படம், முதல் மூன்று நாளில் 60.2 மில்லியன், வட அமெரிக்காவில் மொத்தம் 161 மில்லியன், உலகம் முழுக்க 200 மில்லியனுக்கு மேல், மூன்று வாரம் முதலிடம். "வெறும் எதிர்பார்ப்பு இவ்வளவு சம்பாதிக்குமா?" என்று கேட்டார். கணக்கில் தப்பில்லை. ஆனால் ஐயா, அந்த 60.2 மில்லியனை யார் கொடுத்தார்கள்? படத்தைப் பார்த்துவிட்டா டிக்கெட் எடுத்தார்கள்? வெள்ளி இரவு பார்த்தவர் சொல்லி ஞாயிறு வந்தவர்கள் கொஞ்சம் பேர் உண்டு, அதை விட்டுக்கொடுக்கிறேன். மிச்சப் பேர் டிரெய்லரையும் பழைய பாட்டையும் நம்பி வந்தவர்கள். வட அமெரிக்க வசூலில் 37 சதவீதம் அந்த மூன்று நாளிலேயே வந்தாயிற்று. போட்ட காசைப்போல இரண்டு மடங்குக்கு மேல் அப்போதே டிக்கெட் விற்றாயிற்று.

அந்த எதிர்பார்ப்பு தானாக வந்ததா என்றால், ஒரு பகுதி தானாக வந்தது, இன்னொரு பகுதியைக் கட்டி எழுப்பினார்கள். தானாக வந்ததை முதலில் பார்ப்போம். 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஃபெர்குசனில் கறுப்பின இளைஞர் மைக்கேல் பிரவுன் போலீஸ் குண்டுக்குப் பலியானார். 2015 ஏப்ரலில் பால்டிமோரில் போலீஸ் பிடியில் காயப்பட்ட இன்னொரு கறுப்பின இளைஞர் ஃப்ரெடி கிரே இறந்தார். இந்த இரண்டு செய்திக்கும் பிறகு, ஸ்டூடியோ வாசலில் பாட்டுக்காரப் பையன்களைப் போலீஸ் தரையில் படுக்கவைக்கும் காட்சியைப் பார்த்தவனுக்கு அது பழைய கதையாகவா தெரிந்திருக்கும்? முந்தின நாள் டிவி செய்தியாகத் தெரிந்திருக்கும். அந்தக் கோபத்தை எந்த இயக்குநரும் செலவு செய்து செட் போட முடியாது.

இனி கட்டி எழுப்பியதைப் பாருங்கள். டிரேயும் க்யூபும் தாங்களே காம்ப்டனில் தோன்றிப் பேசி ஒரு டிரெய்லரைத் தொடங்கிவைத்தார்கள். க்யூப் வேடத்துக்கு க்யூபின் மகன் ஓ'ஷே ஜாக்சன் ஜூனியர். அப்பாவின் முகம் அப்படியே இருக்கிறது, போஸ்டரைப் பார்த்தாலே வேலை முடிந்தது. படம் ஆகஸ்ட் 14 என்றால், ஒரு வாரம் முன்னால் ஆகஸ்ட் 7 அன்று டிரேயின் புது ஆல்பம். 1999க்குப் பிறகு அவர் போட்ட முதல் ஆல்பம் அது, பெயர் 'காம்ப்டன்'. பதினாறு வருஷம் பட்டினி கிடந்த ரசிகன் ஒரு வாரம் அதையே கேட்டுக்கொண்டிருந்தால், அடுத்த வெள்ளிக்கிழமை எங்கே போவான்?

அடுத்தது அந்தக் கருப்பு வெள்ளைக் கட்டம். அமெரிக்க ஆல்பங்களில் 'பெற்றோர் கவனத்துக்கு' என்று எச்சரிக்கை ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அதே அச்சில் 'ஸ்ட்ரெய்ட் அவுட்டா' ('நேராக இந்த ஊரிலிருந்து') என்று போட்டு, ஊர்ப் பெயருக்கு மட்டும் இடம் விட்டு ஓர் இணையக் கருவியை, டிரே தொடங்கிய ஹெட்போன் கம்பெனியான பீட்ஸ் வெளியிட்டது. தன் படத்தை ஏற்று, தன் ஊர்ப் பெயரைத் தட்டு, பகிர். அவ்வளவுதான். என்.டபிள்யூ.ஏ. என்றால் என்னவென்றே தெரியாதவர்கள்கூடத் தங்கள் தெருவின் பெயரைப் போட்டுப் பரப்பினார்கள். படத்தின் தலைப்பை அவரவர் முகத்தின் மேல் அவரவரே ஒட்டிக்கொண்டார்கள். இது தரத்தின் வேலையா? படத்தில் ஒரு ஃபிரேமைக்கூட யாரும் பார்க்கவில்லையே!

இதைவிட நுணுக்கமான வேலை ஒன்று நடந்தது, இதைக் கொஞ்சம் கவனமாகக் கேட்க வேண்டும். 2016 மார்ச்சில் ஒரு மாநாட்டு மேடையில், படத்தை வெளியிட்ட யுனிவர்சல் ஸ்டூடியோவின் டிஜிட்டல் விளம்பரப் பொறுப்பாளரே சொன்னது. ஃபேஸ்புக்கில் ஒரே டிரெய்லரை எல்லாருக்கும் காட்டவில்லை. 'இன ஈடுபாடு' என்று ஃபேஸ்புக் ஒரு பிரிவு வைத்திருந்தது. எவரும் தன் இனத்தை எழுதிக் கொடுத்த பட்டியல் அல்ல அது. எதை லைக் செய்கிறார், எதில் ஈடுபாடு காட்டுகிறார் என்பதை வைத்துக் கம்பெனியே ஊகித்துப் போட்ட பிரிவு. கறுப்பின ரசிகருக்குக் குழுவின் பெயரையே முன்னால் வைத்த டிரெய்லர் போனது, ஏனென்றால் அவர்களுக்கு அந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை. மற்றப் பொது ரசிகர்களுக்கு அந்தப் பெயர் பழக்கமில்லை. ஆனால் ஐஸ் க்யூபை நடிகராகத் தெரியும், டிரேயை ஹெட்போன் கம்பெனி முதலாளியாகத் தெரியும். ஆகவே அவர்களுக்கு 'இந்த இருவரும் எங்கிருந்து எழுந்து வந்தார்கள் பாருங்கள்' என்ற கதை. லத்தீனோ ரசிகருக்கு ஸ்பானிய எழுத்தோடு இன்னொன்று.

இதில் நியாய அநியாயம் தனி வழக்கு, அதற்கு இன்னொரு மேடை வேண்டும். நான் கேட்பது ஒன்றே ஒன்று: படத்தின் தரம்தான் கூட்டத்தைக் கூட்டியது என்றால், ஒரே படத்துக்கு ஆளுக்கொரு படமாக ஏன் காட்டினார்கள்? ஒவ்வொருவர் மனசிலும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த படம் எது என்று கண்டுபிடித்து, அதற்குத்தான் டிக்கெட் விற்றார்கள்.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய அம்மையார் சினிமாஸ்கோர் 'ஏ' என்று எடுத்துவைத்தார். முதல் நாள் ரசிகர்களே முதல் தரம் கொடுத்துவிட்டார்களே, இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்றார். நல்ல சாட்சிதான் அம்மா, ஆனால் எங்களுக்கு. சினிமாஸ்கோர் எப்படி எடுக்கிறார்கள்? படம் வெளியாகும் முதல் இரவில் சில நகரங்களின் தியேட்டர்களில் ரசிகர் கையில் ஒரு சின்ன அட்டையைக் கொடுப்பார்கள். ஏ முதல் எஃப் வரை தரம், வயது, ஆணா பெண்ணா, எதற்காக இந்தப் படத்துக்கு வந்தீர்கள் என்று சில கேள்விகள். பந்திக்கு முந்தி உட்கார்ந்தவனிடம் பாயசம் எப்படி என்று கேட்பது மாதிரி. முதல் இரவே வரும் ஆள் யார்? தேதியைக் குறித்துவைத்துக் காத்திருந்தவன். அவன் போடும் 'ஏ' சொல்வது "நான் நினைத்து வந்தது கிடைத்தது" என்பதைத்தான். நல்ல படமா என்பதை அந்த அட்டை கேட்பதேயில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் யாரிடம் கேட்கிறார்கள் என்பதில் பாதிப் பதில் வந்துவிடுகிறது.

சந்தேகம் இருந்தால் ராப் பாடகர் டுபாக் ஷகூர் பற்றி 2017இல் வந்த 'ஆல் ஐஸ் ஆன் மீ'யை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூன் 16, டுபாக் பிறந்த நாளன்றே ரிலீஸ். ரசிகர்கள் திரண்டு வந்தார்கள், முதல் மூன்று நாளில் 26.4 மில்லியன். சினிமாஸ்கோர் 'ஏ மைனஸ்'. விமரிசகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். ரிலீஸ் நாளன்றே நடிகை ஜேடா பிங்கெட் ஸ்மித், டுபாக்கோடு தனக்கிருந்த நட்பைப் படம் மாற்றிக் காட்டிவிட்டது என்று ட்விட்டரில் வரிசையாக எழுதினார். இரண்டாவது வார இறுதியில் வசூல் 78 சதவீதம் சரிந்தது. ஆக, 'ஏ மைனஸ்' வாங்கிய படமும் பத்து நாளில் படுத்துவிடும். அந்த அட்டை தரத்துக்குச் சாட்சி என்றால் இந்தப் படமும் ஓடியிருக்க வேண்டாமா?

உடனே எதிரணியில் சிரிக்கிறார்கள். "எதிர்பார்ப்பு அங்கேயும் இருந்ததே, பிறகு ஏன் படுத்தது?" என்று கேட்கப் போகிறார்கள். நியாயமான கேள்விதான். அந்த எதிர்பார்ப்பு பிறந்த நாள் கொண்டாட வந்த ரசிகனோடு நின்றுவிட்டது, அவனைத் தாண்டி வெளியே ஆள் சேர்க்கவில்லை. காம்ப்டன் படத்துக்கு இரண்டாவது வாரம் வசூல் 56 சதவீதம்தான் இறங்கியது. அந்த வாரமும் 26 மில்லியனுக்கு மேல். ஏனென்றால் அங்கே எதிர்பார்ப்பு ஒரு கூட்டத்திடம் மட்டும் இல்லை. பழைய ரசிகன், போலீஸ் செய்தி படித்துக் கொதித்தவன், ஹெட்போன் முதலாளியின் கதை கேட்க வந்தவன் என்று பல கூட்டம். முதல் வார இறுதியில் வந்தவர்களில் 52 சதவீதம் பெண்கள் என்று ஸ்டூடியோவே கணக்குச் சொன்னது. இந்த எண்ணை மனசில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

இன்னொரு விதமான எதிர்பார்ப்பும் இருந்தது, பயம். சில வாரம் முன்புதான் லூசியானாவின் லஃபாயெட்டில் ஒரு தியேட்டருக்குள் துப்பாக்கிச் சூடு நடந்திருந்தது. அதோடு ராப் படம் என்றதும் சில ஊர்களில் போலீஸைக் கூடுதலாக நிறுத்தினார்கள். கேட்கும் தியேட்டருக்குப் பாதுகாப்புச் செலவைத் தருகிறோம் என்று யுனிவர்சல் சொன்னது. படம் அமைதியாக ஓடியது. அவர்கள் பயந்தது திரைக்குள் இருந்ததைப் பார்த்தா?

படத்தில் நல்லதே இல்லை என்று வாதாடுவது என் வேலை இல்லை. ஈஸி-ஈயாக வந்த ஜேசன் மிட்செலின் நடிப்பைக் குறை சொல்பவனுக்கு நான் ஓட்டுப் போடமாட்டேன். நடிகர்கள் பயிற்சிக்காக மொத்த ஆல்பத்தையும் தங்கள் குரலில் திரும்பப் பாடிப் பதிவு செய்தார்கள். உழைப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தியேட்டரில் கைதட்டல் எங்கே விழுந்தது என்று பாருங்கள். படத்தில் வரும் டெட்ராய்ட் கச்சேரி. போலீஸைத் திட்டும் அந்தப் பாட்டைப் பாடாதே என்று போலீஸ் எச்சரிக்கிறது, இவர்கள் பாடுகிறார்கள், கூட்டம் சிதறுகிறது, வெளியே கைது, கலவரம். உண்மையில் அன்று மேடையிலிருந்து ஓடி ஹோட்டலுக்குப் போனவர்களைப் போலீஸ் அங்கே பிடித்துப் பேசிவிட்டு விட்டது. கலவரம் திரைக்கதையின் சொந்தச் சரக்கு. ரசிகன் அதற்குத்தான் காத்திருந்தான், அதையே கொடுத்தார்கள். படம் பார்த்து வெளியே வந்தவர்கள் என்ன செய்தார்கள்? பழைய ஆல்பத்தை வாங்கினார்கள். வந்த காலத்தில் அமெரிக்க ஆல்ப விற்பனையைக் கணக்கிடும் பில்போர்டு பட்டியலில் 37ஐத் தாண்டி ஏறாத ஆல்பம், 27 ஆண்டு கழித்து 4ஆம் இடத்துக்கு வந்தது.

கடைசியாக, கோபம். எதிரணியினர் கைதட்டலைப் பற்றி மட்டும் பேசினார்கள், கோபத்தைத் தொடவே இல்லை.

படத்தின் தயாரிப்பாளர்கள் பட்டியலில் ஐஸ் க்யூப் இருக்கிறார், டிரே இருக்கிறார், ஈஸி-ஈயின் மனைவி டோமிகா உட்ஸ்-ரைட் இருக்கிறார். எம்.சி. ரென் இல்லை. விளைவு? டிரெய்லரில் தன்னை ஒதுக்கிவிட்டார்கள், வரலாற்றைத் திருத்துகிறார்கள் என்று படம் வருவதற்கு முன்பே ரென் ட்விட்டரில் வெடித்தார். அந்த ஆல்பத்தின் அட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள். கேமராவைத் தரையில் வைத்து மேல்நோக்கி எடுத்த படம், குனிந்து பார்க்கும் ஆறு முகங்கள், ஈஸி-ஈ கையில் துப்பாக்கி. ஆறு பேர்! ஆறாவது ஆள் அரேபியன் பிரின்ஸ். படத்தில் ஐந்து பேரோடு நிறுத்திக்கொண்டார்கள். அந்த அட்டையை வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்த ரசிகன் தியேட்டரில் தலையை எண்ணமாட்டானா?

இப்போது அந்த 52 சதவீதப் பெண்களுக்கு வருகிறேன். 1991 ஜனவரியில் ஹாலிவுட் கிளப் ஒன்றில் டீ பார்ன்ஸ் என்ற ராப் நிகழ்ச்சிப் பெண் தொகுப்பாளரை டிரே அடித்து உதைத்தார். வழக்கானது, டிரே எதிர்த்து வாதாடவில்லை, தண்டனையும் ஏற்றார். ஊரறிந்த விஷயம். படத்தில் அது இல்லை. ஆரம்ப வரைவு ஒன்றில் அந்தக் காட்சி இருந்தது என்று லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் பிறகு எழுதியது. கிளைக்கதைகளுக்கு இடமில்லை என்பது இயக்குநர் சொன்ன காரணம். ஆகஸ்ட் 18 அன்று டீ பார்ன்ஸ் தன் கைப்பட ஒரு கட்டுரை எழுதி, படத்தில் விட்டுப்போன பெண்களின் பட்டியலில் தானும் ஒருத்தி என்றார். ஆகஸ்ட் 21 அன்று நியூயார்க் டைம்ஸ் வழியாக, தான் காயப்படுத்திய பெண்களிடம் டிரே மன்னிப்புக் கேட்டார். அவரை வேலைக்கு வைத்திருந்த ஆப்பிள் நிறுவனமும் அறிக்கை விட்டது. ரிலீஸாகி ஒரே வாரம்! டிரேயின் முன்னாள் துணையான பாடகி மிஷெல்லேயும் படத்தில் இல்லை. அடுத்த ஆண்டு அவர் பக்கத்துக் கதையை லைஃப்டைம் டிவி தனிப் படமாகவே எடுத்தது.

நடுவர் ஐயா, 24 வருஷத்துக்கு முந்திய குற்றத்துக்கு ஒரு வாரத்தில் மன்னிப்பை வரவழைத்தது எது? ஒளிப்பதிவா, எடிட்டிங்கா? முழுக் கதையையும் காட்டுவார்கள் என்று நம்பி வந்தவர்களின் ஏமாற்றம். ஆகஸ்ட் 14இல் ஓடிய அதே பிரதிதான் 21ஆம் தேதியும் ஓடியது, ஒரு ஃபிரேம்கூட மாறவில்லை. தரம்தான் எல்லாம் என்றால் ஒரு வாரத்துக்குள் பேச்சு ஏன் மாறியது? எதிரணியில் அடுத்து எழுந்திருப்பவர் இதற்கு ஒரு பதில் சொல்லிவிட்டு வசூல் கணக்குக்குப் போகட்டும்.

நன்றி, வணக்கம்.