ஜன்னல் வந்த ஊர்

எல்லோருக்கும் வணக்கம். போர்ச்சுகலின் தலைநகர் லிஸ்பன் போய்வந்ததைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பயப்படாதீர்கள், நான் எடுத்த படங்களைப் போட்டுக் காட்டப்போவதில்லை.

போய் இறங்கியதும் நடந்ததைச் சொல்கிறேன். விடுதி நடத்தும் அம்மாவுக்கு ஆங்கிலம் வராது, எனக்குப் போர்த்துக்கீசியம் வராது. அறையைக் காட்டும்போது ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுச் சொன்னார். ஜன்னலைத் திறந்து 'ஜனேலா' என்றார். அப்புறம் 'மேஸா', அப்புறம் 'அர்மாரியு'. கடைசியில் 'ஷாவ்' என்று சாவியைக் கையில் வைத்தார். எல்லாம் நம் ஜன்னல், மேசை, அலமாரி, சாவி! எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பாவம், தன் உச்சரிப்பில் ஏதோ தப்பு என்று நினைத்திருப்பார்.

கட்டடம் பார்க்கப் போகிறவர்கள் அண்ணாந்து பார்த்தே கழுத்து வலியோடு திரும்புவார்கள். லிஸ்பனில் சுவரைப் பார்க்க வேண்டும். 1755 நவம்பர் 1, கிறிஸ்தவர்களின் அனைத்துப் புனிதர் திருநாள். காலை நேரம், கோயில்கள் நிரம்பியிருந்தன, மெழுகுவத்திகள் எரிந்தன. அப்போது பூமி ஆடியது. சற்று நேரத்தில் ஆற்றுமுகத்தில் சுனாமி. பிறகு பல நாள் தீ. நகரின் நடுப்பகுதி போயே போய்விட்டது.

பின்னாளில் பொம்பால் பிரபு என்று பெயர் பெற்ற அமைச்சர்தான் ஊரை மறுபடி எழுப்ப வைத்தார். பைஷா என்ற பகுதியில் கோடு போட்டாற்போல நேர்த் தெருக்கள். வெளியே பார்த்தால் எல்லா வீடும் ஒரே மாதிரி, கொஞ்சம் சலிப்பாகக்கூட இருக்கும். விஷயம் உள்ளே இருக்கிறது. உள்சுவர்களுக்குள் பெருக்கல் குறி போல மரச்சட்டங்களைக் கோத்து ஒரு கூடு. அதற்கு அவர்கள் வைத்த பெயரே 'கையோலா', கூண்டு என்று அர்த்தம். பூமி ஆடினால் கூண்டும் சேர்ந்து ஆடிக்கொடுக்கும், உடையாது. மாதிரிக் கூண்டு ஒன்றைச் செய்து, சுற்றிலும் படைவீரர்களைத் தொம் தொம்மென்று நடக்கவிட்டுச் சோதித்தார்கள் என்று சொல்வார்கள். பக்கத்து மேட்டில் கார்மோ மடத்துக் கோயிலைக் கூரையில்லாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். வளைவுகளுக்கு நடுவே வெறும் வானம். நான் அதிக நேரம் உட்கார்ந்திருந்தது அங்கேதான்.

பெலேம் பகுதியில் ஜெரோனிமோஸ் மடம். தூண்களிலும் வாசல்களிலும் கப்பல் கயிறுகளைக் கல்லிலே முறுக்கியிருக்கிறார்கள். பணம் எங்கிருந்து வந்தது? கிழக்கு வாணிபத்தின் மீது போட்ட வரியிலிருந்து. மிளகு, ஐயா! கேரளக் கரையில் ஏற்றிய மிளகு. உள்ளே நுழைந்ததும் வாஸ்கோ ட காமாவின் கல்லறை. எல்லோரும் பக்தியோடு படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கை வரவில்லை.

இன்னொன்று. 1554இல் இதே லிஸ்பனில்தான் ரோமன் எழுத்தில் தமிழை அச்சடித்து ஒரு மறைக்கல்விப் புத்தகம் வெளியிட்டார்கள். தமிழுக்கு ஈய எழுத்து வார்ப்பதற்கு முன்பே தமிழ் அச்சேறிய ஊர் அது.

சரி, சாப்பாடு. உணவகத்தில் உட்கார்ந்ததும் கேட்காமலே ரொட்டி, ஆலிவ், பாலாடைக்கட்டி எல்லாம் வரும். விருந்தோம்பல் என்று நினைத்து ஒரு பிடி பிடித்தேன். பில்லில் எல்லாம் இருந்தது! தொடாவிட்டால் காசில்லை. அதுதான் அந்த ஊர் வழக்கம், எனக்குத்தான் தெரியவில்லை.

அவர்கள் உயிரை விடுவது பகல்யாவுக்கு. உப்பிட்டு உலர்த்திய காட் மீன். சுருக்கமாக, கருவாடு. வேடிக்கை என்னவென்றால் அந்த மீன் அவர்கள் கடலில் கிடையாது, வடக்கே குளிர்கடலிலிருந்து வருகிறது. முறம் அகலத்துக்குக் கடையில் அடுக்கி வைத்திருப்பார்கள், வாசலிலேயே மணம் கூப்பிடும். ஒருநாள் இரண்டுநாள் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி உப்பை இறக்குகிறார்கள். நார்நாராகப் பிய்த்து, வெங்காயம், மெல்லிய உருளைக்கிழங்கு வறுவல், முட்டை சேர்த்துக் கிளறினால் ஒரு பண்டம். பச்சைமிளகாய் இரண்டு கீறிப் போட்டிருக்கலாம்.

ஜெரோனிமோஸ் மடத்துக்குப் பக்கத்திலேயே 1837 முதல் ஒரு கடை. முட்டை மஞ்சள்கருவும் பாலும் சேர்ந்த பாகு நிறைத்த சின்னக் கிண்ணப் பணியாரம், சூடாக. மேலே அங்கங்கே கருகியிருக்கும், ஓரம் கடித்தால் நொறுங்கும். அதன்மேல் பட்டைத்தூள் தூவிக்கொள்ள வேண்டும். ஆறு சாப்பிட்டேன். வீட்டில் இரண்டு என்றுதான் சொல்லியிருந்தேன். அவர் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பதை இப்போதுதான் பார்க்கிறேன்.