வெள்ளைப் பொட்டு

நேயர்களுக்கு வணக்கம். கொடியில் காயப்போட்ட சட்டையில் குருவி எச்சமிட்டுவிட்டால் எரிச்சல் வரத்தான் செய்யும். அதைத் துடைப்பதற்கு முன் ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் வந்திருக்கிறேன். எத்தனையோ வருடமாகப் பார்க்கிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லி வருகிறேன்.

கறுப்பாகச் சுருண்டு கிடப்பது மலம். அதன்மேல் சுண்ணாம்பு தடவினாற்போல ஒரு வெள்ளை இருக்கிறதே, அது என்ன? சிறுநீர். ஆமாம், அதுதான் குருவியின் சிறுநீர்.

ஒரு சிட்டுக்குருவியின் எடை சுமார் 30 கிராம். அதில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர் என்று வைத்துக்கொண்டால், மொத்தமே நாலு தேக்கரண்டி. நம் உடம்பு புரதக் கழிவை யூரியாவாக்கித் தண்ணீரில் கரைத்து வெளியேற்றுகிறது. குருவிக்கு அது கட்டுப்படியாகாது. அதனால் கழிவை யூரிக் அமிலமாக்குகிறது. அது தண்ணீரில் கரைவது அரிது. நுண்ணிய உருண்டைகளாகத் திரண்டு பசைபோல வந்துவிடும்.

முட்டைக்குள் இருக்கும் குஞ்சை நினைத்துப் பாருங்கள். ஓடு மூடியிருக்கிறது, கழிவு வெளியே போக வழியில்லை. யூரிக் அமிலம் கரையாமல் ஓர் ஓரமாகப் படிந்துவிடுவதால்தான் குஞ்சு தன் கழிவாலேயே கெட்டுப்போகாமல் வளர்கிறது. அந்த வெள்ளைப் பொட்டின் கதை முட்டையிலேயே தொடங்கிவிடுகிறது.

சரி, எச்சத்துக்கே வருவோம். பறவையின் சிறுநீரகம் நம்முடையதைப் போல அவ்வளவு கெட்டியாகச் சிறுநீரை வடிப்பதில்லை. அந்தக் குறையைக் குடல் ஈடுகட்டுகிறது. குருவிக்குச் சிறுநீர்ப்பை கிடையாது. சிறுநீர் நேராகக் கழிவாய்க்கு, அதாவது மலமும் சிறுநீரும் வெளியேறும் பொது வாசலுக்கு வந்து, அங்கிருந்து பின்னோக்கிக் குடலுக்குள் ஏறுகிறது. பின்னோக்கி, கவனியுங்கள்! அங்கே தண்ணீர் மறுபடி உறிஞ்சப்படுகிறது. கடைசியில் மிஞ்சுவதுதான் உங்கள் சட்டையில் விழுந்த வெள்ளை.

இவ்வளவு சிக்கனம் பிடித்தாலும் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் தண்ணீர் போய்க்கொண்டேதான் இருக்கும். பறவைக்கு வியர்வைச் சுரப்பி இல்லை. ஆனாலும் தோல் கசியும். சவுதி அரேபியாவின் பாலைவனச் சிட்டுக்குருவியையும் அமெரிக்காவின் ஒஹையோவில் ஈரப்பதமான இடத்தில் வாழும் சிட்டுக்குருவியையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். இரண்டும் ஒரே இனம்தான். ஆனால் பாலைவனக் குருவியின் தோல் குறைவாகவே கசிந்தது. தோலின் மேலடுக்கில் உள்ள கொழுப்புகளின் சேர்மானம் மாறியிருந்தது. மழைக்கோட்டை உடம்புக்குள்ளேயே தைத்துக்கொண்ட மாதிரி!

மூச்சில் ஒரு சேமிப்பு உண்டு. உள்ளே போகும் வறண்ட காற்று மூக்கின் உட்புறத்தைக் குளிரவைக்கும். வெளியே வரும் காற்று அந்தக் குளிர்ச்சியில் கொஞ்சம் ஈரத்தை விட்டுவிட்டுப் போகும். ஆனால் வெயில் ஏறி, அலகைத் திறந்து இரைக்க ஆரம்பித்தால் இந்தச் சேமிப்பெல்லாம் கரைந்துவிடும். அதனால்தான் அரேபியப் பாலைவனத்தில் வானம்பாடிகள் உச்சி வெயிலில் பெரிய பல்லிகளின் வளைக்குள் போய் உட்கார்ந்துகொள்கின்றன.

அடடா, நேரம் முடியப்போகிறது என்று கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கை காட்டுகிறார்கள். தேன்சிட்டைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்தேன், ஒரே ஒரு வரி மட்டும் சொல்கிறேன்: தேன் குடித்தே வாழும் அதற்குத் தண்ணீர் மிஞ்சிப்போவதுதான் பிரச்சினை, பாலஸ்தீனத் தேன்சிட்டு அந்தத் தண்ணீரில் ஒரு பகுதியைக் குடல் உறிஞ்சாமலேயே அப்படியே வெளியே விட்டுவிடுகிறது. நன்றி, வணக்கம்.