வடசேரியின் கெம்புக்கல் நகை

நேயர்களுக்கு வணக்கம். நாகர்கோவில் வடசேரி என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பேருந்து நிலையமும் கனகமூலம் சந்தையும்தான் ஞாபகம் வரும். சந்தை இரைச்சலைத் தாண்டி உள்தெருவுக்குள் போனால், வீட்டையே பட்டறையாக்கி உட்கார்ந்திருக்கும் ஆசாரிமார் சிலரை இன்றும் பார்க்கலாம். பரதம் ஆடும் பெண்ணின் தலையில் மின்னும் சூரியப்பிரபை, சந்திரப்பிரபை, ராக்கொடி, இடுப்பு ஒட்டியாணம் எல்லாம் இவர்கள் கைவேலை. கோயில் நகை என்று இதற்குப் பெயர்.

சாமிக்குச் சாத்தும் திருவாபரணத்தில் பிறந்த தொழில் இது. கோயிலில் ஆடிய பெண்களும் இதே நகையைப் பூண்டார்கள். நடனக் கலைஞர் ருக்மிணி தேவி 1936இல் சென்னையில் கலாக்ஷேத்திரம் என்ற கலைப்பள்ளியைத் தொடங்கிய காலத்தையொட்டிப் பரதம் மேடையேறியபோது, நகையும் கூடவே ஏறியது. கோயில் ஆதரவு குறைந்த பிறகு வடசேரிக்குச் சோறு போட்டது அந்த மேடைதான்.

வேலையைக் கிட்டத்தில் இருந்து பார்க்க வேண்டும். வெள்ளித் தகட்டில் சின்னச் சின்ன அறைகள் கட்டி, உள்ளே அரக்கு நிரப்புவார்கள். அதன்மேல் சிவப்பும் பச்சையுமாகக் கெம்புக்கல். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே ரேக்கு எனப்படும் மெல்லிய சொக்கத்தங்கத் தகட்டை வைத்து, கூரான ஊசியால் அழுத்தி அழுத்திப் பதிப்பார்கள். அந்த ரேக்கு மூச்சுக்காற்றுக்கே பறக்கும். அதனால் வெயில் காலத்திலும் மின்விசிறியை நிறுத்திவிட்டு வியர்வையோடு குனிந்திருக்கிறார்கள்.

இவ்வளவு பாடுபட்டுச் செய்த நகைக்குப் போட்டி, அச்சில் வார்த்துக் கல்லைப் பசையால் ஒட்டி முலாம் பூசிய செம்பு நகை. அதையும் 'டெம்பிள் ஜுவல்லரி' என்றே விற்கிறார்கள். நாகர்கோவில் கோயில் நகைக்கு 2007-08இல் புவிசார் குறியீடு, அதாவது இந்த ஊருக்கே உரிய பொருள் என்ற சட்ட அடையாளம், கிடைத்தது. பெருமைதான். ஆனால் கல் பதிக்கிறவரின் கூலி அதனால் உயர்ந்துவிடவில்லை. பெற்ற பிள்ளையைப் பட்டறையில் உட்கார வைக்க அவருக்கே மனம் வரவில்லை. அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

நாட்டிய ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் ஒன்று கேட்கிறேன். நகை வாங்கும்போது பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளியா, செம்பா, எந்தப் பட்டறையில் செய்தது என்று கேளுங்கள். அரங்கேற்றத்துக்கு நாள் குறிக்கும்போதே வடசேரிக்கு வந்து ஆர்டர் கொடுங்கள், கொஞ்சம் முன்பணமும் கொடுங்கள். வெள்ளி விற்கிற விலையில் அந்தப் பணம் இல்லாமல் அவர்களால் தகடு வாங்க முடியாது.