பெனாகில் குகைக் கூரையில் ஓட்டை விழுந்தது எப்படி?

(காட்சி: ட்ரோன். பாறைத் தரையில் வட்டமான ஓட்டை, அதன் அடியில் மணல்)

போர்ச்சுகலின் தெற்குக் கரை, அல்கார்வ். இன்ஸ்டாகிராமில் சுற்றிவரும் பெனாகில் கடற்குகை இதுதான். எல்லாரும் படம் எடுப்பது உள்ளே விழும் வெளிச்சத்தை. நமக்கு வேண்டியது அந்த ஓட்டை.

(காட்சி: குகைச் சுவர், மிக அருகில்)

சுவரைப் பாருங்கள். விசிறி போல வரியோடிய சிப்பி ஓடுகள், உடைந்த துண்டுகள், நடுவே இரும்புக்கறை ஏறிய மஞ்சள் படலம். மயோசீன் காலத்தில், அதாவது சுமார் 2.3 கோடி முதல் 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன், ஆழமில்லாத கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல் இது.

இதை இரண்டு பேர் இரண்டு பக்கமிருந்து தின்கிறார்கள். முன்னால் கடல். அலை மோதும்போது விரிசலுக்குள் இருக்கும் காற்று நசுங்குகிறது. அலை பின்வாங்கியதும் அது சட்டென்று விரிந்து பாறையைப் பெயர்க்கிறது. மேலே மழை. மழைநீர் கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. விரிசல் வழியே இறங்கி, சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. கீழே குகை பெரிதாகிறது, மேலே கூரை மெலிகிறது. ஒருநாள் நடுவில் விழுந்துவிடுகிறது. அதுதான் சிங்க்ஹோல். விழுந்த கல்லைக் கடல் அரைத்துக் கொண்டுபோய்விடும்.

(காட்சி: மேல் பாதை, வேலி)

மரீன்யா கடற்கரையிலிருந்து கிளம்பும் 'ஏழு தொங்கு பள்ளத்தாக்குகள்' நடைபாதை, ஏறக்குறைய 6 கி.மீ., இந்த ஓட்டையை ஒட்டியே போகிறது. சுற்றி வேலி உண்டு. அதைத் தாண்டி செல்ஃபி எடுப்பவர்களும் உண்டு! காலுக்கடியில் எவ்வளவு பாறை மிச்சமிருக்கிறது என்று மேலே நிற்பவருக்குத் தெரியாது. இதே அல்கார்வில், மரியா லூயிசா கடற்கரையில் 2009 ஆகஸ்டில் பாறை சரிந்து 5 பேர் இறந்தார்கள்.

(காட்சி: குகை வாயில், கயாக்குகள்)

உள்ளே போக வேண்டுமென்றால் பழைய வீடியோக்களை நம்பாதீர்கள். 2024-இல் விதிகள் இறுகிவிட்டன: நீந்திப் போகக் கூடாது, குகை மணலில் இறங்கக் கூடாது, கயாக் என்ற சிறு துடுப்புப் படகு என்றால் வழிகாட்டி கட்டாயம். மணலில் கால் வைக்க முடியாதது சிலருக்கு ஏமாற்றம்தான். கூரை விழுந்தே உருவான இடத்தில் இது நியாயமான விதி என்பேன்.

அலை பெரிதாக இருந்தால் படகு விட மாட்டார்கள். அன்றைக்கு மேல் பாதையில் நடங்கள். மரீன்யாவிலிருந்து தொடங்கினால் பாதித் தூரத்துக்கு முன்பே ஓட்டை வந்துவிடும்.