பூட்டி வைப்பது சிகிச்சை ஆகாது

நண்பர்களே, வழக்கில் சிக்கிய சிறாரை விசாரணைக் காலத்தில் வைத்திருக்கும் கூர்நோக்கு இல்லத்துக்கு வரும் பையன்களைப் பற்றிப் பேச்சு வந்தால், “உள்ளே இருந்தால் போதை கிடைக்காது, தானாக நின்றுவிடும்” என்று பலர் சொல்கிறார்கள். இந்த நம்பிக்கை உயிரையே வாங்கக்கூடியது.

வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிப் பழகிய 16 வயதுப் பையனை நினைத்துப் பாருங்கள். உள்ளே வந்த ஓரிரு நாளில் உடம்பு முறுக்கும், மூக்கு ஒழுகும், வயிற்றுப்போக்கு, தூக்கம் வராது. அடம் பிடிக்கிறான் என்று அதட்டினால், அப்புறம் நம்மிடம் வாயே திறக்கமாட்டான். உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். இந்தத் தொல்லை கொஞ்ச நாளில் அடங்கும். பையனும் தெளிவாகத் தெரிவான். பயப்பட வேண்டிய கட்டம் அதற்குப் பிறகுதான். சில வாரம் எடுக்காததால் உடம்பின் தாங்கும் சக்தி குறைந்திருக்கும், ஏக்கமோ அப்படியே இருக்கும். வெளியே போய்ப் பழைய அளவையே ஏற்றினால் மூச்சு நின்றுபோகலாம்.

பஞ்சர் சொல்யூஷன், வொயிட்னர் முகரும் பிள்ளைகளின் கதை வேறு. 2019இல் வெளியான எய்ம்ஸ் தேசிய ஆய்வில், பெரியவர்களைவிடச் சிறாரிடம் அதிகம் காணப்பட்ட ஒரே போதை வகை இதுதான்: 10 முதல் 17 வயதில் 1.17 சதவீதம், பெரியவர்களிடம் 0.58. இந்தப் பழக்கத்தை நிறுத்தவென்று தனி மாத்திரை கிடையாது. எந்த நேரத்தில், யாரோடு, எதைத் தாங்க முடியாமல் முகர்ந்தான் என்பது அவன் வாயிலிருந்தே வர வேண்டும். ஆலோசகர் வாரத்துக்கு ஒருவராக மாறினால் அது எப்படி வரும்?

2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 18ஆம் பிரிவில், போதை மீட்புச் சிகிச்சைக்கு உத்தரவிடும் அதிகாரம், சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்கு இருக்கிறது. சிறாருக்குப் போதைப்பொருள் கொடுத்தவருக்கும், அவர்களை வைத்து விற்றவருக்கும் 7 ஆண்டு வரை கடுங்காவல். அந்த ஆட்களைத் தேடிப் பிடிக்காமல் பையனை மட்டும் கூண்டில் நிறுத்துவது எனக்கு ஆறவே இல்லை.

ஜாமீன் கிடைத்தால் எந்த நாளும் அவன் கிளம்பிவிடுவான். அதனால் இந்தச் சிறாரைக் கண்காணித்து வழிநடத்தும் நன்னடத்தை அலுவலர்களிடம் ஒன்று கேட்கிறேன். விடுவிப்பு உத்தரவு வரும் அன்றே, அவன் ஊருக்குப் பக்கத்து அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் தேதி வாங்கிக் கொடுங்கள். பெற்றோரை உட்காரவைத்துப் பேசுங்கள்: பையன் எழுப்பியும் எழாமல் மூச்சுத் திணறினால், வழக்குக்குப் பயந்து மறைக்காமல் 108ஐ அழைக்க வேண்டும், மற்ற சந்தேகங்களுக்குத் தேசிய போதை மீட்பு உதவி எண் 14446, கட்டணம் இல்லை.