வொன்ஹ்யோ கையில் எடுத்த சுரைக்குடுக்கை

(நாடக விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, வாழ்த்துரை வழங்கி அமர்ந்திருக்கும் மூத்த நாடக ஆசிரியர் ஐயா அவர்களே, மூன்று நாளும் வாடகை வாங்காமல் அரங்கைத் தந்த அறக்கட்டளைப் பொறுப்பாளர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் பேராசிரியப் பெருமக்களே, திரைக்குப் பின்னால் இன்னும் சாப்பிடாமல் நிற்கும் ஒலி ஒளித் தோழர்களே, அனைவருக்கும் வணக்கம். நாடக ஆசிரியர் ஐயா பேசியபின் பேசுவது எளிதல்ல. அவர் ஆசியோடு தொடங்குகிறேன்.

கொரிய மேடையில் பௌத்தத் துறவி வொன்ஹ்யோ என்பது தலைப்பு. கதை, இசை, ஒளியமைப்பு என்று மூன்றையும் தொடுகிறேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இந்தப் பழமொழியை நினைவில் வையுங்கள். நம் கதாநாயகன் கையில் இருந்ததும் சுரைக்காய்தான்.

வொன்ஹ்யோ, சில்லா என்ற பழைய கொரிய நாட்டைச் சேர்ந்தவர். காலம் 617 முதல் 686 வரை. 2011-இல் சியோலில் அவர் பெயரிலேயே ஒரு மியூசிக்கல், அதாவது இசை நாடகம், மேடையேறியது. அவர் வாழ்க்கையை யார் மேடைக்குக் கொண்டுவந்தாலும் ஒரு காட்சியைத் தவிர்க்க முடியாது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

யுவான் சுவாங் இந்தியாவிலிருந்து கொண்டுபோன நூல்களைப் படிக்க வேண்டும் என்று வொன்ஹ்யோவும் நண்பர் உயிசாங்கும் சீனத்துக்குப் புறப்படுகிறார்கள். யுவான் சுவாங்கின் சிந்தனை மரபு போற்றிய பௌத்த அறிஞர் தர்மபாலர் நம் காஞ்சிபுரத்தில் பிறந்தவர் என்பதைச் சொல்லாமல் போக மனமில்லை. 650-இல் தரைவழி போனார்கள், முடியவில்லை. 661-இல் கடல்வழி போகத் துறைமுகம் நோக்கி நடக்கிறார்கள். வழியில் மழை, கும்மிருட்டு. ஒரு மண் குகை கிடைக்கிறது, நுழைந்து படுக்கிறார்கள். நடுராத்திரியில் வொன்ஹ்யோவுக்குத் தாகம். கையால் துழாவுகிறார். சுரைக்குடுக்கை போல ஏதோ தட்டுப்படுகிறது, உள்ளே தண்ணீர். குடிக்கிறார், தேனாக இனிக்கிறது. விடிந்து பார்த்தால் அது குகையல்ல, கல்லறை. குடித்தது மண்டையோட்டில் தேங்கிய மழைநீர்! குமட்டுகிறது. ராத்திரி இனித்ததும் இதே தண்ணீர், காலையில் குமட்டுவதும் இதே தண்ணீர். மாறியது மனம் ஒன்றுதான் என்று அந்த இடத்திலேயே தெளிகிறார். உயிசாங் கப்பலேறிப் போய்ப் படித்துத் திரும்பி, 676-இல் புசோக்சா கோயிலை நிறுவினார். வொன்ஹ்யோ அங்கிருந்தே ஊர் திரும்பிவிட்டார். ஏட்டுச் சுரைக்காய் வேண்டாம் என்று திரும்பியவர் அவர். (988-இல் தொகுத்த சீனத் துறவியர் வரலாற்றில் கல்லறை மட்டும் உண்டு. மண்டையோடு பிந்தைய நூல்களில்தான் வருகிறது. நாடகமாக்குபவர்கள் இதைத் தெரிந்துகொண்டே செய்யட்டும்.)

துறவியான அவர் யோசோக் இளவரசியோடு கொண்ட உறவு, அவர்கள் மகன் சோல் சோங், இவற்றை நீங்கள் படித்துக்கொள்ளலாம். எனக்கு முக்கியம் அதன்பின் நடந்தது. காவியைக் களைந்தவர், கூத்தாடி ஒருவர் ஆட்டிய பெரிய சுரைக்குடுக்கையைப் போலத் தாமும் ஒன்று செய்து, அதற்கு 'முஏ', அதாவது தடையற்றது, என்று பெயரிட்டு, ஊர் ஊராக ஆடிப் பாடி எளிய மக்களிடம் புத்தர் பெயரைச் சேர்த்தார். 13-ஆம் நூற்றாண்டின் கொரிய வரலாற்றுக் கதைத் தொகுப்பான 'சம்குக் யூசா' இதைச் சொல்கிறது.

இனி இசை. கொரியக் கோயிலிசையான பொம்பேயில் ஓர் உயிரெழுத்தை நிமிடக்கணக்கில் இழுப்பார்கள். இரண்டரை மணி நேர மியூசிக்கலில் அதன் சாயலைத்தான் தர முடியும். மொக்தாக் என்ற மரத்தட்டு வாத்தியம் உட்குடைந்தது. பித்தளைத் தாளமான பாராவை நடிகர் காதருகே அடித்தால் எல்லார் மைக்கிலும் அதுவே கேட்கும். பிக்குவாக நடிப்பவருக்கு இன்னொரு சிக்கல்: மற்றவர்களுக்குக் குட்டி மைக்கை முடியோரத்தில் ஒளிக்கலாம், மழித்த தலையில் அதற்கு வழியில்லை. காதோரமாகக் கன்னத்தில் ஒட்ட வேண்டும். வியர்வை இறங்கி மைக் வாயை அடைத்தால் குரல் மங்கும். மாற்று மைக் ஒன்று எப்போதும் தயாராக இருக்க வேண்டும்.

பன்சோரி என்பது ஒரு பாடகரும் ஒரு முரசுக்காரரும் சேர்ந்து கதை பாடும் கொரியக் கலை. அதன் கலைஞர்கள் சொல்வது: முதலில் முரசு, அடுத்துத்தான் பாடகர். முரசை அடிப்பது இடது உள்ளங்கையும் வலக்கைக் குச்சியும், தாளம் 12 தட்டுச் சுழற்சியான ஜுங்மோரி. நடுவே 'ஒல்சிகு!' என்று முரசுக்காரர் குரல் கொடுத்துப் பாடகரைத் தூக்கிவிடுவார். பதிவு செய்த பின்னணி இசையை அங்கே 'எம்.ஆர்.' என்கிறார்கள். செலவு குறையும், உண்மைதான். ஆனால் கல்லறைக் காட்சியை எண்ணிப் பாருங்கள். நடிகர் இன்று மூன்று மிடறு குடிக்கிறார், நாளை ஐந்து. பதிவு காத்திருக்காது. அவர் குடுக்கையை இறக்குமுன்பே விடியல் இசை வந்துவிடும், அதைப் பின்பற்றும் விளக்கும் எரிந்துவிடும், மண்டையோட்டை மாற்றிவைக்கும் கை பார்வையாளருக்குத் தெரிந்துவிடும். நேரில் இருக்கும் முரசுக்காரர் நடிகரின் தொண்டையைப் பார்த்துக் காத்திருப்பார். கொரியாவில் ஒரே வேடத்துக்கு இருவர், மூவரை மாற்றி மாற்றிப் போடுவது வழக்கம். ஒருவருக்கு ஏற்ற சுருதி மற்றவருக்கு எட்டாது. பதிவென்றால் ஆளுக்கு ஒன்று வேண்டும். ஒருநாள் தவறானதைத் தட்டிவிட்டால் அன்றைய காட்சி போயிற்று. பதிவிசை ஏட்டுச் சுரைக்காய். வொன்ஹ்யோ கதைக்கு அது கூடவே கூடாது!

தலைவர் அவர்களும் அறக்கட்டளைப் பெருமக்களும் இருக்கும் அவையில் கேட்கிறேன். அடுத்த ஆண்டு விழா விதியில் ஒரு வரி சேருங்கள்: ஒவ்வொரு நாடகத்திலும் குறைந்தது ஒரு தோல் வாத்தியக் கலைஞராவது மேடையிலேயே அமர வேண்டும், அவர் சம்பளம் நடிகர் சம்பளத்துக்குக் குறையக் கூடாது. அவருக்கு ஒரு பாய் போடும் இடம் போதும். மேடையின் இடது ஓரம், நடிகர் முகம் தெரியும் கோணம்.

ஒளியமைப்பை நம் தோழர்கள் பிற்பகல் பட்டறையில் செய்தே காட்டுவார்கள். வாய்ப்பளித்த தலைவர் அவர்களுக்கு மீண்டும் நன்றி. வணக்கம்.