மணி அடிக்கவா, வேண்டாமா?

வணக்கம். காற்று பலமாக அடிக்கிறது, குரல் விட்டு விட்டுக் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் உட்கார்ந்திருக்கிறேன். காலை ஏழே முக்கால். தெம்பனிஸ் வீட்டிலிருந்து இருட்டோடு கிளம்பி, பிடோக் நீர்த்தேக்கம் வழியாக இங்கே வந்து சேர்ந்தேன். வழக்கம்போல இன்றைக்குப் பயண வீடியோ இல்லை. மனதில் கிடந்து உறுத்துகிற ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்.

போன வியாழக்கிழமை மாலை வேலை முடிந்து சைக்கிளில் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். ஓரிடத்தில் நடைபாதையைத் தோண்டிப் போட்டுத் தடுப்பு வைத்திருந்தார்கள். சரி என்று சாலையில் இறங்கி இடது ஓரமாக மிதித்தேன். தலைக்கவசம், முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு எல்லாம் இருந்தன. பின்னால் ஒரு வேன் வந்தது. விடாமல் ஹார்ன். என்னைத் தாண்டும்போது கண்ணாடியை இறக்கி, பாதையில் போகச் சொல்லிக் கத்திவிட்டுப் போனார். கை நடுங்கிவிட்டது. அடுத்த சந்திப்பில் பாதைக்கு ஏறிவிட்டேன். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, எதிரே நாயோடு நடந்து வந்தவர் அப்படியே நின்று, கையை நீட்டிச் சாலையைக் காட்டினார். அங்கே போய் ஓட்டு என்று அர்த்தம்.

வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தால் சோறு இறங்கவில்லை. இரண்டு பேரும் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் இந்த ஊரில் யாரும் விரட்டாமல் ஒரு சைக்கிள் போகக்கூடிய இடம் எது என்று யோசித்துப் பார்த்தேன். சட்டென்று பதில் வரவில்லை.

எங்கள் பேட்டைக்கு இதில் ஒரு பெருமை உண்டு. சிங்கப்பூரிலேயே நடைபாதையில் சைக்கிள் ஓட்டலாம் என்று முதலில் அனுமதித்தது தெம்பனிஸில்தான், 2010இல். அதற்கு முன்பும் ஓட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். சந்தைக்குப் போகிற பாட்டிகள், பள்ளிப் பிள்ளைகள், கூடை வைத்த சைக்கிளில் பேரப்பிள்ளையை உட்கார வைத்துப் போகிற தாத்தாக்கள். அப்புறம் 2017இல் சட்டம் வந்து, 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தபோது தீவு முழுக்க அது பொதுவானது. நடைபாதையில் மணிக்கு 15 கிலோமீட்டர் என்று இருந்த வேகத்தை 2019 பிப்ரவரியில் 10 ஆகக் குறைத்தார்கள். சைக்கிள் பாதை, பூங்கா இணைப்புப் பாதை என்றால் 25.

10 கிலோமீட்டர் என்றால் என்ன வேகம் என்று ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். மெல்லோட்டம் ஓடுகிறவர் நம்மோடு கூடவே வருவார். அதற்கும் கீழே போனால் முன்சக்கரம் ஆட ஆரம்பித்துவிடும். ஆனாலும் அந்த விதி சரிதான் என்பேன். முதுகுக்குப் பின்னால் வருவது 10இல் வருகிறதா 20இல் வருகிறதா என்று நடக்கிறவருக்கு எப்படித் தெரியும்?

அதே 2019இல்தான், நின்றுகொண்டே ஓட்டுகிற மின்ஸ்கூட்டர்கள் மேல் இருந்த கோபம் உச்சத்துக்குப் போனது. செப்டம்பரில் பிடோக்கில் ஒரு மின்ஸ்கூட்டர் மோதி, சைக்கிளில் போன 65 வயதுப் பெண்மணி இறந்துபோனார். நவம்பர் 5 முதல் நடைபாதைகளில் மின்ஸ்கூட்டருக்குத் தடை. அந்தத் தடை வந்த நிம்மதி எனக்கும் இருந்தது. ஆனால் மக்கள் மனதில் உட்கார்ந்த பயம் சட்டம் போட்டதும் இறங்கிவிடவில்லை. சக்கரம் என்று எது வந்தாலும் உடம்பு சுருங்குகிறது. இறந்துபோனவரே சைக்கிளில் வந்தவர் என்பதை இன்றைக்குப் பலர் மறந்துவிட்டார்கள்.

இப்போது சைக்கிள் மணிக்கு வருகிறேன். தினமும் என்னைக் குழப்புகிற விஷயம் இதுதான்.

இதோ பாருங்கள், என் சைக்கிள் மணி. சின்னப் பித்தளைக் கிண்ணம், ஒரே ஒரு தட்டு. முன்னால் ஒருவர் நடந்துபோகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தூரத்திலேயே அடித்தால் அவருக்குக் கேட்பதில்லை, காதில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். பக்கத்தில் வந்து அடித்தால் தூக்கிவாரிப் போடுகிறது. சிலர் வலப்பக்கம் துள்ளுவார்கள், நானும் வலப்பக்கம்தான் ஒதுங்கியிருப்பேன். அடித்த உடனே "வழிவிடு" என்று அதட்டியதாக எடுத்துக்கொண்டு முறைக்கிறவர்களும் உண்டு. அடிக்காமல் போனால், ஏன் அடிக்கவில்லை என்று திட்டு. நான் வாயால் சொல்லிப் பார்த்தேன். "எக்ஸ்கியூஸ் மீ அங்கிள், ரைட் சைட்" என்று மெதுவாகச் சொன்னால் பாதிப் பேர் சிரித்து ஒதுங்குகிறார்கள். குரலுக்கு இருக்கிற மரியாதை மணிக்கு இல்லை. ஆனால் வேலை முடிந்து மூச்சு வாங்க வருகிறபோது ஒவ்வொருவரிடமும் சொல்ல முடிகிறதா என்றால், இல்லை.

சொல்லாமல் போன ஒரு நாளைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் அடுக்குமாடி புளோக் பக்கத்துப் பேருந்து நிறுத்தம். நிறுத்தத்தின் பின்பக்கமாகத்தான் பாதை போகிறது, அங்கே ஒரு வளைவு, எதிரில் வருகிறவர் தெரியமாட்டார். மழை வரப்போகிறது, நான் அவசரத்தில் இருக்கிறேன். வளைந்தேன். தள்ளுவண்டிப் பையில் காய்கறி வைத்து இழுத்துக்கொண்டு ஒரு வயதான சீன அம்மா எதிரே. பிரேக்கை இறுக்கினேன், டயர் வழுக்கி, அவர் பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கீரைக்கட்டில் என் கைப்பிடி உரசிக்கொண்டு போனது. அவர்மேல் படவில்லை. "ஐயோ" என்றார். இந்த ஊரில் எல்லா இனத்தவரும் சொல்கிற அதே ஐயோ. அவர் என்னைத் திட்டவில்லை. நிறுத்தத்துக் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தக் கை விரல்கள் வெளுத்துப்போய் இருந்தன. எவ்வளவு இறுக்கிப் பிடித்தால் அப்படி வெளுக்கும்! நான் நின்றேன், தலையை ஆட்டினேன், போய்விட்டேன். அந்தக் கை இன்னும் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது.

அதனால்தான் 2025 ஜூலை 1 முதல் வந்த விதியை நான் எதிர்க்கவில்லை. பக்கத்திலேயே சைக்கிள் பாதை இருந்தால், நடைபாதை நடப்பவருக்கு மட்டும். மீறினால் 2,000 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆனால் சிவப்பு நிறம் பூசிய அந்தச் சைக்கிள் பாதை இருக்கிறதே, அது சைக்கிளுக்கு மட்டும் உரியது இல்லை. நடக்கிறவர்களும் வரலாம், பொதுப் பாதை. இதைப் புரியாமல் சைக்கிளோட்டிகள் சிலர், சிவப்பில் நடக்கிறவர்களைப் பார்த்துக் கத்துகிறார்கள். தப்பு. தயவுசெய்து கத்தாதீர்கள்.

சாலைக்கு வருவோம். 2018 டிசம்பரில் பாசிர் ரிஸில் நடந்ததை நிறையப் பேர் வீடியோவில் பார்த்திருப்பீர்கள். லாரிக்கு முன்னால் சைக்கிள், ஹார்ன், சந்திப்பில் சைக்கிளோட்டி லாரியின் பக்கக் கண்ணாடியை அடிக்கிறார், லாரி சட்டென்று இடது பக்கம் திரும்புகிறது, அவர் புல்தரையில் விழுகிறார். சில வினாடிகள்தான். ஓட்டுநருக்கு ஏழு வாரச் சிறை, சைக்கிளோட்டிக்கு 2,800 வெள்ளி அபராதம். நீதிமன்றம் இரண்டு பேரையும் விடவில்லை. ஆனால் காப்பிக்கடையில் ஒவ்வொருவரும் பாதி வீடியோவை மட்டுமே பார்த்த மாதிரி பேசிக்கொண்டிருந்தார்கள். கார் வைத்திருப்பவருக்குக் கண்ணாடியை அடித்த கை மட்டும் தெரிந்தது. சைக்கிள் வைத்திருப்பவருக்கு லாரி திரும்பியது மட்டும்.

2022 ஜனவரி முதல் கூட்டமாக ஓட்டுவதற்கும் கட்டுப்பாடு. ஒற்றை வரிசை என்றால் ஐந்து பேர், இரட்டை வரிசை என்றால் பத்துப் பேர். மீறினால் 150 வெள்ளி. இரண்டிரண்டு பேராகப் போவதைத் திமிர் என்று நினைக்கிறவர்கள் ஒன்றை யோசித்துப் பாருங்கள். பத்துப் பேர் ஒருவர் பின் ஒருவராகப் போனால் வால் எவ்வளவு நீளம்! இரட்டையாகப் போனால் அதில் பாதிதான், காரும் சீக்கிரம் தாண்டிப் போய்விடலாம். ஒரே தடம் உள்ள சாலையில் இரட்டையாகப் போகக் கூடாது, அதுவும் விதியில் இருக்கிறது. அதை மீறுகிற கூட்டங்களை நானும் பார்த்திருக்கிறேன், அவர்களுக்காக நான் வாதாட மாட்டேன்.

சைக்கிளைத் தாண்டும்போது குறைந்தது ஒன்றரை மீட்டர் இடைவெளி விடச் சொல்கிறது சாலை விதிக் கையேடு. ஒன்றரை மீட்டர் எவ்வளவு? இதோ என் சைக்கிளைப் புல்லில் படுக்க வைத்திருக்கிறேன். பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரம் வரை உள்ள நீளத்தைவிடக் கொஞ்சம் குறைவு. போன ஞாயிற்றுக்கிழமை அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போய் எங்கள் புளோக் நடைபாதையையும் அளந்தேன். அதுவும் ஒன்றரை மீட்டர்தான். அதாவது காருக்கும் சைக்கிளுக்கும் நடுவில் எவ்வளவு இடம் காலியாக விட வேண்டுமோ, அவ்வளவு அகலத்துக்குள்ளேதான் அந்த அம்மாவும், அவருடைய தள்ளுவண்டிப் பையும், நானும், என் சைக்கிளும் ஒருவரையொருவர் தாண்டிப் போக வேண்டியிருக்கிறது. இடத்தின் மேல் வர வேண்டிய கோபம், ஆட்கள் மேல் போகிறது. 2030க்குள் தீவு முழுக்க 1,300 கிலோமீட்டர் சைக்கிள் பாதை என்று திட்டம். நல்லது, வரட்டும். ஒவ்வொரு பேருந்து நிறுத்தத்தின் பின்னாலும் அந்தப் பாதை எப்படி வளையப்போகிறது என்றுதான் நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

என் மாமா 22 வருடம் பேருந்து ஓட்டியவர். வியாழக்கிழமை நடந்ததை அவரிடம் சொன்னேன். ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "அந்த வேன்காரன் பண்ணினது தப்பும்மா. ஆனா நான் நிறுத்தத்துக்குள்ள திரும்பும்போது இடது பக்கம் நுழைஞ்சு வர்ற சைக்கிளை நினைச்சா எனக்கு இன்னைக்கும் வயிறு கலங்கும். கண்ணாடியில ஒரு வினாடி இருப்பாங்க, அடுத்த வினாடி இருக்க மாட்டாங்க" என்றார். பேருந்தின் இடது பக்கம் நுழையாதே என்று என்னிடம் சத்தியமே வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து, நிற்கிற பேருந்துக்குப் பின்னால் நானும் நிற்கிறேன். 

இதுவரை பேசியதெல்லாம் என்னைப் போல் விருப்பத்துக்கு ஓட்டுகிறவர்கள் விவகாரம். எனக்குப் பிடிக்கவில்லை என்றால் எம்ஆர்டி ரயிலில் போய்விடலாம். அப்படிப் போக முடியாதவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டு மாதம் முன்னால், இரவு ஒன்பதரை இருக்கும், காக்கி புக்கிட் பக்கம் ஒரு சிக்னலில் நின்றேன். பக்கத்தில் ஒரு தம்பி. ஊரில் அறந்தாங்கிப் பக்கமாம். தங்கும் விடுதிக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். பழைய சைக்கிள், இருக்கை கிழிந்து அதன்மேல் பிளாஸ்டிக் பை சுற்றியிருந்தது. முன்விளக்குக்குப் பதில் ஒரு டார்ச் லைட், டியூபை வெட்டிக் கைப்பிடியில் கட்டியிருந்தார். கூடையில் காலியான சாப்பாட்டுப் பை. பச்சை விழுந்ததும் கொஞ்ச தூரம் சேர்ந்து போனோம். எதிரே யாராவது நடந்து வந்தால் உடனே இறங்கி, சைக்கிளைப் புல் பக்கம் தள்ளிக்கொண்டு நின்றார். அவர்கள் போனதும் மறுபடி ஏறினார். முக்கால் கிலோமீட்டருக்குள் ஆறு தடவை.

"ஏன் தம்பி இறங்குறீங்க? மெதுவா போனா போதுமே" என்றேன்.

"ஒரு தடவை ஒருத்தர் ரொம்பச் சத்தம் போட்டுட்டாருக்கா. போன்ல படம் வேற எடுத்தாரு. அபராதம் ரெண்டாயிரம் வரைக்கும் போடலாம்னு ரூம்ல சொன்னாங்க. அது எனக்கு ரெண்டு மாசச் சம்பளத்துக்கு மேல. இறங்கி நின்னா யாரும் ஒண்ணும் சொல்றதில்ல."

"நேரம் ஆகுமே?"

"பதினஞ்சு நிமிஷம் கூட ஆகும். தூக்கத்துல கழிச்சுக்குவேன்."

அவர் எந்த விதியையும் மீறவில்லை. அந்த இடத்தில் ஓட்டலாம். நான் சொன்னேன், அவரும் கேட்டுக்கொண்டார். ஆனால் அடுத்த ஆள் எதிரே வந்ததும் மறுபடி இறங்கினார். சாலை யாருக்கு, பாதை யாருக்கு என்று நாம் போடுகிற சண்டையில் அந்தத் தம்பி ஒரு வார்த்தை பேசியதே இல்லை. விட்டுக்கொடுப்பது மட்டும் அவர். நினைக்க நினைக்க எனக்குத் தொண்டை அடைக்கிறது.

கொஞ்சம் இருங்கள், வண்டியை நகர்த்திக்கொள்கிறேன், ஒரு குடும்பம் வருகிறது. வாடகைச் சைக்கிளில் சின்னப் பெண், இப்போதுதான் பழகுகிறாள் போல. பின்னால் நான்கு பேர் பந்தய சைக்கிளில் வருகிறார்கள், வேகத்தைக் குறைத்துவிட்டார்கள். அந்தப் பெண் நடுப்பாதையில் ஆடிக்கொண்டே போகிறாள், நான்கு பேரும் நடை வேகத்தில் பின்னாலேயே போகிறார்கள். அப்பா திரும்பிப் பார்த்துக் கையெடுத்து நன்றி சொல்கிறார். நீங்களும் பார்த்தீர்கள்தானே?

சரி, வெயில் ஏறிவிட்டது. வரும் வியாழக்கிழமை மாலை அந்தப் பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் நின்று, ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் எப்படி அந்த வளைவைத் தாண்டுகிறார்கள் என்று எண்ணப்போகிறேன். எண்ணியதை எழுதி நகர மன்றத்துக்கும் நிலப் போக்குவரத்து ஆணையத்துக்கும் அனுப்புவேன். ஒரு கண்ணாடி வைத்தால்கூடப் போதும், எதிரில் வருகிறவர் தெரிவார். அந்த அம்மா சந்தையிலிருந்து அந்த வழியாகத்தான் வருவார் என்று நினைக்கிறேன். பார்த்தால் மன்னிப்புக் கேட்க வேண்டும். அன்றைக்கு அது என் வாயில் வரவே இல்லை.